நீலப் பட்டைக் கண்ணாடி

“கூடப் பொறந்தவன தண்ணிக்குள்ள உதறிட்டு ஒருத்தன் மேல வருவானாம்மா?”

மாசிலாமணி கேட்ட முதல் கேள்வியே இதுதான். வணக்கம் கிடையாது, ஊர் பேர் கிடையாது. ஒட்டன்சத்திரத்தில் பஸ் ஏறி, இரண்டு இடத்தில் மாறி, வெயிலில் மணலில் நடந்து வந்த மனிதர், வந்ததும் வராததுமாகக் கேட்டுவிட்டு நின்றார்.

கேட்கப்பட்டவள் கரையேற்றிய படகின் நிழலில் உட்கார்ந்து ரப்பர் குழாய்களை நல்ல தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா என்று பெயர். முப்பத்து மூன்று வயது. கடலுக்கு அடியில் மூச்சுவிடக் கற்றுக்கொடுப்பது தொழில். அந்தக் கரையில் எல்லோருக்கும் அவள் டீச்சர்தான். படகு ஓட்டும் அவளுடைய சொந்தப் பெரியப்பாவே அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

“நீங்க யாருங்கய்யா?”

அவர் பையைத் திறந்து ஒரு கண்ணாடியை எடுத்துப் பலகைமேல் வைத்தார். கடலுக்குள் போகிறவர்கள் கண்ணையும் மூக்கையும் சேர்த்து மூடிக்கொள்கிற கண்ணாடி. பின்னால் நீலப் பட்டை.

அவள் அலசுவதை நிறுத்தினாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பையனின் மூடிய கையைப் பிரித்து அதை எடுத்தவள் அவள்தான்.

“கோகுலோட அப்பாவா?”

“ஆமா.”

அவள் எழுந்து நின்றாள். அவர் அப்போதும் உட்காரவில்லை.

*

நடந்தது இதுதான்.

மாசிலாமணிக்கு இரண்டு மகன்கள். பெரியவன் பூபாலன், சின்னவன் கோகுல். இரண்டு பேரும் ஒரு விடுமுறைக்குக் கடல் பார்க்க வந்தார்கள். இரண்டு பேருமே அதுவரை கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. பக்கத்துக் கரையில் அப்போது கடலுக்கடியில் கூட்டிப்போய்க் காட்டுகிற கடை ஒன்று இருந்தது. இப்போது இல்லை. அங்கே போய் சிலிண்டரை மாட்டிக்கொண்டு அண்ணனும் தம்பியும் இறங்கினார்கள். கூட்டிப்போனவன் வேறு இரண்டு பேரைக் கவனிக்கப் போன நேரத்தில் கோகுலுக்குக் காற்று தீர்ந்துவிட்டது. அவன் அண்ணனைப் பிடித்தான்.

அண்ணன் மேலே வந்தான். தம்பி வரவில்லை.

மறுநாள் காலையில் ஜெசிந்தாவைக் கூப்பிட்டு இறக்கினார்கள். அவள் கோகுலை எடுத்துக்கொண்டு வந்தாள். அவன் கையில் அண்ணனின் முகத்திலிருந்து பிடுங்கிய கண்ணாடி இருந்தது.

பூபாலன் போலீஸிடம் சொன்னதும் அப்பாவிடம் சொன்னதும் ஒரே வாக்கியம்தான். “எப்படி மேல வந்தேன்னு தெரியல.”

அதற்கு மாசிலாமணி, “தெரியலையா? காலு உன்னோடதுதானே?” என்று கேட்டார். பெற்ற மகனிடம் அவர் கடைசியாகப் பேசியது அதுதான். பாடைக்குத் தோள் கொடுக்க வந்தவனைக் கையை நீட்டித் தடுத்தார்.

போலீஸ் விபத்து என்று எழுதி மூடிவிட்டது. மாசிலாமணி மூடவில்லை.

பூபாலன் தோட்டத்து மோட்டார் ரூமில் தங்கிக்கொண்டான். வேலைக்குப் போவதை விட்டான். தாய் தெய்வானை மூன்று வேளையும் தூக்குவாளியில் சோறு கொண்டுபோனாள். இந்த ஒரு மாதமாகத் தூக்குவாளி போன கனத்திலேயே திரும்பி வருகிறது. போன செவ்வாய்க்கிழமை அவள் வாளியைப் புருஷன் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்: “ஒண்ண கடல் எடுத்துச்சு. இன்னொண்ண நீங்க எடுத்துக்கிட்டிருக்கீங்க.”

அதனால்தான் புறப்பட்டு வந்திருக்கிறார். காப்பாற்றியிருக்க முடியாது என்று விஷயம் தெரிந்த ஒருவர் சொன்னால் மோட்டார் ரூமுக்குப் போவார். முடியும் என்று சொன்னால் போகமாட்டார். மகனிடம் கேட்ட கேள்வி உட்பட எல்லாவற்றையும் அவளிடம் சொல்லி முடித்தார்.

“சொல்லும்மா. முடியுமா முடியாதா?”

ஜெசிந்தா அவரைப் பார்த்தாள். தடித்த கழுத்து, காக்கி போட்டுப் பழகிய நிமிர்வு, வாய்க்கு மேலே பெரிய நரைத்த மீசை.

“ஐயா என்ன வேலை பாத்தீங்க?”

“பஸ் டிரைவர். முப்பத்தியொரு வருஷம். பாதி மலைப்பாதை.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஒருமுறை அடைமழையில் கொண்டை ஊசி வளைவில் வண்டி பின்னால் வழுக்கியது, கண்டக்டர் குதித்துவிட்டான், இவர் குதிக்கவில்லை. வண்டியை ஒடித்து மலைப்பக்கம் சாத்தி ஐம்பது பேரையும் இறக்கிவிட்டுக் கடைசியாக இறங்கினார். அந்தக் கண்டக்டரோடு அன்றைக்கே பேச்சை அறுத்துவிட்டார். அவன் மகள் கல்யாணத்துக்கு வீடு தேடி வந்து பத்திரிகை வைத்தான். போகவில்லை.

“நானா இருந்தா என் மூச்ச அவனுக்குக் குடுத்துட்டு அங்கயே கெடந்திருப்பேன்” என்றார்.

“நீச்சல் தெரியுமா?”

“கெணத்துல அடிப்பேன்.”

“ஆஸ்பத்திரியில காட்டி, இறங்கலாம்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிக்கங்க. நாளைக்கழிச்சு காலைல ஆறு மணிக்கு வாங்க. மீசைய எடுத்துட்டு வாங்க.”

மாசிலாமணிக்குக் கோபம் வந்தது. கேட்டது ஒரு கேள்வி, பதில் சொல்லத் தெரிந்தால் சொல்ல வேண்டியதுதானே என்றார்.

“பதில் மூணு பாகம் கீழ இருக்குங்கய்யா” என்றாள் அவள். இரண்டு கையையும் விரித்து ஒரு பாகம் எவ்வளவு என்று காட்டினாள். “அத மேல எடுத்துட்டு வர முடியாது. நாமதான் போகணும்.”

*

டாக்டர் சீட்டு வந்தது. மீசையும் கூடவே வந்தது.

ஜெசிந்தா மீசையை ஒரு தடவை பார்த்துவிட்டு அவரைக் கடலில் இறக்கினாள். இடுப்பளவு தண்ணீரில் நிற்க வைத்து நீலப் பட்டைக் கண்ணாடியை நீட்டினாள். அவர் கையை இழுத்துக்கொண்டார்.

“வேற இல்லையா?”

“மூஞ்சிக்கு மூஞ்சி அளவு மாறும். பட்டைய மாட்டாம சும்மா வச்சு மூக்கால உறிஞ்சிப் பாருங்க. ஒட்டிக்கிட்டா அதுதான் உங்களுக்கு.”

நான்கு கண்ணாடிகளை வைத்துப் பார்த்தார். நான்கும் விழுந்தன. நீலப் பட்டைக் கண்ணாடி மட்டும் கன்னத்திலும் நெற்றியிலும் கவ்விக்கொண்டது. பெரியவன் அம்மா ஜாடை, சின்னவன்தான் என் ஜாடை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். பெரியவன் முகத்தில் இருந்த அந்தக் கண்ணாடியின் பட்டையைத் தலைக்குப் பின்னால் இழுத்து மாட்டிக்கொண்டார்.

மேலே எல்லாம் ஒட்டியது. மீசையில் மட்டும் ஒட்டவில்லை. தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிற மூச்சுக் குழாயை வாயில் கவ்விக் குப்புறப் படுத்ததும் மயிர்க்கால் வழியாகத் தண்ணீர் ஊறி உள்ளே வந்து மூக்கை எரித்தது. பதறி எழுந்தார். காறித் துப்பினார். மறுபடியும் படுத்தார். மறுபடியும் எழுந்தார். எட்டுத் தரம் இப்படி நடந்தது. பெரியப்பா படகில் உட்கார்ந்து வலையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னைக்குப் போதும்” என்றாள் ஜெசிந்தா.

மறுநாள் காலையில் வந்தவரைப் பெரியப்பாவுக்கு அடையாளம் தெரியவில்லை. யாரோ லாட்ஜில் தங்க வந்தவர் என்று நினைத்து, டீச்சர் இப்போது வந்துவிடும் என்று சொல்லி உட்காரச் சொன்னார். மாசிலாமணி மழித்த உதட்டைக் கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்குத் தண்ணீர் புகவில்லை.

குப்புற மிதந்தார். முதலில் தன் மூச்சுதான் கேட்டது. குழாய்க்குள் புஸ் புஸ் என்று, நிறுத்தத்தில் ஏர் பிரேக் விடுகிற மாதிரி. அப்புறம் கண் பழகியது. கீழே மணல் வரிவரியாகக் கிடந்தது. வெயில் தண்ணீருக்குள் இறங்கி அந்த வரிகளின்மேல் ஆடியது. விரல் நீள மீன்கள், கறுப்பும் மஞ்சளுமாகக் கோடு போட்டவை, அவர் நெஞ்சுக்கு அடியில் கூட்டமாக நின்றன. கையை நீட்டினார். அவை விலகி மறுபடியும் வந்து நின்றன.

ஐம்பத்தொன்பது வயதில் முதல் தடவையாகக் கடலுக்குள் பார்க்கிறார். சும்மா சொல்லக்கூடாது, அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. சின்னப்பிள்ளை மாதிரி காலை உதைத்து உதைத்துப் போனார். இதைப் பார்க்கத்தான் இரண்டு பேரும் வந்தார்கள் என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது. வந்ததும் காலை உதைப்பதை நிறுத்தினார்.

எழுந்து நின்றார். கண்ணாடிக்குள் தண்ணீர் தளும்பியது. அது கடல் தண்ணீரா வேறு தண்ணீரா என்று ஜெசிந்தா கேட்கவில்லை.

“மேல் ஓரத்த அழுத்திக்கிட்டு மூக்கால ஊதுங்க. வெளிய போயிரும்.”

ஊதினார். போய்விட்டது.

*

மூன்றாம் நாள் சிலிண்டர்.

அவள் சொன்ன விதிகள் அதிகமில்லை. என்ன ஆனாலும் மூச்சை அடக்கக்கூடாது. மேலே வரும்போது கண்டிப்பாக அடக்கக்கூடாது, நுரையீரல் கிழிந்துவிடும். வேகமாக வரவே கூடாது. காது அடைத்தால் மூக்கைப் பிடித்து ஊத வேண்டும். வாயில் கவ்வுகிற கறுப்பு ரெகுலேட்டர் தனக்கு. நெஞ்சில் தொங்குகிற மஞ்சள், பக்கத்தில் இருப்பவருக்கு.

“பக்கத்துல இருக்கறவருக்கு” என்று மாசிலாமணி திருப்பிச் சொன்னார்.

“ஆமா. அவருக்குக் காத்து தீந்துபோனா கழுத்த அறுக்கற மாதிரி கையக் காட்டுவாரு. நீங்க மஞ்சள எடுத்துக் குடுக்கணும். குடுத்துட்டு அவரப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு பேருமா மெதுவா மேல வரணும்.”

கை தெரியாத கலங்கலில் என்ன செய்வது என்று அவர் கேட்டார். சிலிண்டரில் இரும்பால் தட்டுவேன் என்றாள் அவள். எத்தனை தட்டு தட்டினால் என்ன அர்த்தம் என்பதற்கு அவளிடம் தெளிவான பதில் இல்லை. மாசிலாமணிக்கு உற்சாகம் வந்துவிட்டது.

“ஒண்ணு தட்டினா நிக்கணும். ரெண்டு தட்டினா போகணும். விசில் மாதிரி. முப்பத்தியொரு வருஷத்துல ரெண்டு விசில் கேக்காம நான் கியர் போட்டது கிடையாது.”

அவள் ஒத்துக்கொண்டாள். அன்றைக்கு அவர்தான் சொல்லிக்கொடுத்தார்.

காற்றுக் கொடுக்கிற பயிற்சியைக் கரையில் ஐந்து தடவை செய்தார்கள். மார்பளவு தண்ணீரில் முட்டி போட்டு ஐந்து தடவை செய்தார்கள். அவள் கையைக் காட்டுவாள். அவர் மஞ்சளை எடுத்து நீட்டுவார். ஒரு தடவைகூடக் கை தடுமாறவில்லை. பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வருகிற இளவட்டங்கள் மூன்று நாள் ஆனாலும் மஞ்சள் எந்தப் பக்கம் என்று தேடுவார்கள். இவர் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார்.

தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கியதும் அவர் முகத்தில் ஒரு வெற்றி இருந்தது. பார்க்க நன்றாக இல்லை.

“பாத்தியாம்மா? இவ்வளவுதான். இத அவன் செய்யல.”

“அவங்களுக்கு இத யாரும் சொல்லிக் குடுக்கலைங்கய்யா. அந்தக் கடைல மஞ்சளே இல்ல.”

“தம்பிக்கு மூச்சுக் குடுக்கறதுக்குச் சொல்லிக் குடுக்கணுமா?”

அவள் மறுநாள் பிடித்து இறங்க வேண்டிய கயிற்றைப் படகிலிருந்து எடுத்தாள். முடிச்சுகளைச் சரிபார்த்துக்கொண்டே, “நாளைக்குக் கீழ ஒரு தடவ காத்து கேப்பேன். சொல்லிட்டுக் கேக்க மாட்டேன்” என்றாள்.

“எப்ப வேணா கேளு.”

*

சாயங்காலம் படகில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது, இத்தனை நாள் கேட்காததை மாசிலாமணி கேட்டார். கோகுல் எப்படிக் கிடந்தான் என்று கேட்டார்.

உட்கார்ந்த மாதிரி இருந்தான் என்றாள். பாறையில் சாய்ந்து, கண்ணைத் திறந்துகொண்டு. கை மட்டும் இறுக மூடியிருந்தது. இதுவரை பதினோரு பேரைக் கடலிலிருந்து எடுத்திருக்கிறேன் என்றாள். போலீஸ் கூப்பிடும், மீன்காரர்கள் கூப்பிடுவார்கள், போவேன். பதினொன்றில் ஒருவர்கூட உயிரோடு இல்லை.

“எல்லாருக்கும் கை மூடியா இருந்துச்சு?”

“எதையாவது பிடிச்சிருப்பாங்க. ஒருத்தரு வெறும் மணலப் பிடிச்சிருந்தாரு.”

டீ ஆறிக்கொண்டிருந்தது. அவர் டம்ளரைச் சுழற்றிக்கொண்டே இருந்தார்.

“அப்ப, தன் மூச்சக் குடுத்தவன்னு ஒருத்தன்கூட இல்லவே இல்லையா?”

“இருக்காங்கய்யா. அவங்களையும் நான்தான் மேல எடுத்துட்டு வந்தேன்.”

மாசிலாமணி கடலைப் பார்த்தார்.

“அவனும் அந்தக் கணக்குல இருந்திருக்கணும்” என்றார்.

சொன்னது யாரை என்று ஜெசிந்தாவுக்குப் புரிந்தது. அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

“சரி. ரெண்டு பேரையும் எடுத்துட்டு வந்து வரிசையாப் படுக்க வச்சிருப்பேன். உங்களுக்கு அது போதுமாங்கய்யா?”

அவர் மிச்ச டீயை மணலில் ஊற்றிவிட்டு எழுந்தார். லாட்ஜுக்குப் போகும்போது போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. இனி வரமாட்டார் என்று பெரியப்பா சொன்னார். வருவார் என்றாள் ஜெசிந்தா.

*

வந்தார்.

காற்று இல்லாத காலை. கடல் அசையாமல் கிடந்தது. பெரியப்பா படகைக் கரையிலிருந்து அரை மணி தூரம் ஓட்டி, நங்கூரம் போட்டு, முடிச்சு வைத்த கயிறு ஒன்றைக் கீழே விட்டார். பாகத்துக்கு ஒரு முடிச்சு.

முதல் முடிச்சில் காது வலித்தது. மூக்கைப் பிடித்து ஊதினார். வலி போனது. ஒரு தட்டு கேட்டது. நின்றார். இரண்டு தட்டு கேட்டது. இறங்கினார். இரண்டாம் முடிச்சில் வெளிச்சம் பச்சையானது. மூன்றாம் முடிச்சில் கால் மணலைத் தொட்டது.

மேலே அண்ணாந்து பார்த்தார். படகின் அடிப்பாகம் சின்னதாகத் தெரிந்தது. தன் வாயிலிருந்து போகிற குமிழிகள் பெருத்துப் பெருத்து அங்கே போய்ச் சேர்வதைப் பார்த்தார். பயமே இல்லை. உடம்பில் கனம் இல்லை. பக்கத்தில் பாறை முழுக்கப் பவளப்பூச்சி கட்டிய கிளைகள், நடுவில் கிளி நிறத்தில் ஒரு மீன் பாறையைக் கறுக் கறுக்கென்று கடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம்கூடக் கேட்டது.

இவ்வளவு அமைதியான இடத்தில் நான் கண்டிப்பாகக் கொடுத்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பு அவருக்குக் கசப்பாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

பத்து நிமிஷம் போயிருக்கும். ஜெசிந்தா அவருக்கு நேர் எதிரே வந்து முட்டி போட்டாள். வாயிலிருந்து ரெகுலேட்டரைக் கழற்றிக் கீழே விட்டாள். அவள் பக்கத்துக் குமிழிகள் நின்றுபோயின. கையைக் கழுத்தில் வைத்து அறுத்துக் காட்டினாள்.

மாசிலாமணிக்குப் புரிந்தது. இதைத்தான் பத்துத் தடவை செய்திருக்கிறார். வலது கை நெஞ்சில் மஞ்சளைத் தேடிப் போனது.

ஆனால் அவள் கை மஞ்சளுக்கு வரவில்லை.

நேராக அவர் வாய்க்கு வந்தது. காற்று தீர்ந்தவன் எங்கே குமிழி வருகிறதோ அங்கேதான் கையை வைப்பான். ஒரு கையால் அவர் பின்தலையைப் பிடித்து, இன்னொரு கையால் கறுப்பு ரெகுலேட்டரைப் பிடித்து இழுத்தாள். அவள் கண் அகலமாகத் திறந்திருந்தது. உப்புத் தண்ணீர் அவர் பல்லுக்குள் புகுந்தது.

கண்ணாடி நகர்ந்தது. பச்சையெல்லாம் இருண்டது.

*

வானம்.

அவர் படகின் விளிம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருமினார். வாயிலிருந்து தண்ணீரும் சளியும் கொட்டின. காற்றை வாரி வாரி உள்ளே இழுத்தார். உலகத்தில் காற்றைத் தவிர வேறு எதுவும் இல்லை. பொண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை, ஊர் இல்லை. வெறும் காற்று.

பெரியப்பா மேலிருந்து குனிந்தார்.

“டீச்சர் எங்க?”

மாசிலாமணி அவரைப் பார்த்தார். கேட்டது காதில் விழுந்தது. ஆனால் டீச்சர் என்று ஒருத்தி இருக்கிறாள் என்பது மனசில் விழ ஒரு கணம் ஆனது.

“ஐயா, டீச்சர் எங்க?”

அவர் தண்ணீருக்குள் பார்த்தார். கண்ணாடி இல்லை. எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. கையை உள்ளே விட்டுத் துழாவினார். டீச்சர், டீச்சர் என்று தண்ணீரைப் பார்த்துக் கூப்பிட்டார். முட்டாள்தனம்தான், வேறு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. பெரியப்பா சட்டையைக் கழற்றிவிட்டார்.

அது முக்கால் நிமிஷம்கூட இருக்காது என்று பெரியப்பா பிறகு சொன்னார். மாசிலாமணி அதைப் பற்றி யாரிடமும் எதுவும் சொன்னதில்லை.

கயிற்றை ஒட்டிக் குமிழிகள் வந்தன. அவற்றுக்குப் பின்னால் மெதுவாக, மிக மெதுவாக, ஜெசிந்தா வந்தாள். ரெகுலேட்டர் வாயில் இருந்தது. அதை எடுத்ததும் உதடு கிழிந்து ரத்தம் வழிவது தெரிந்தது. நெஞ்சைக் கையால் அழுத்திப் பிடித்திருந்தாள்.

இன்னொரு கை மூடியிருந்தது. விரல்களுக்கு நடுவே நீலப் பட்டை தெரிந்தது.

*

மாசிலாமணியைப் படகில் ஏற்றி உட்கார வைத்தார்கள். பெரியப்பா துண்டைப் போர்த்திவிட்டார். நீந்துவதற்காக மாட்டிய ரப்பர் துடுப்பு அவருடைய ஒரு காலில் இருந்தது, இன்னொரு காலில் இல்லை.

ஜெசிந்தா அவர் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். இரும வைத்துப் பார்த்தாள். எச்சிலில் ரத்தம் இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை.

“கத்திக்கிட்டே மேல போனீங்க. அதனாலதான் நுரையீரல் தப்பிச்சிச்சு. மூச்ச அடக்கியிருந்தா நீங்களும் இல்ல.”

“நானா கத்துனேன்?”

“ஆமா.”

அவருக்கு அது நினைவில்லை. எதுவுமே நினைவில்லை. மஞ்சளைத் தேடிப் போன கை நினைவிருந்தது. அதற்கு அப்புறம் வானம்தான். நடுவில் இருந்ததை யாரோ வெட்டி எடுத்துவிட்டார்கள். அவள் உதட்டையும் அவள் அழுத்திப் பிடித்திருந்த நெஞ்சையும் பார்த்தார். அந்த நடுவில் என்ன இருந்தது என்பது அங்கே தெரிந்தது.

“நான் குடுக்கத்தாம்மா கையக் கொண்டுபோனேன். சத்தியமாக் குடுக்கத்தான் போனேன்.”

அவள் உதட்டைத் துணியால் ஒற்றிக்கொண்டிருந்தாள்.

“எப்படி மேல வந்தேன்னு தெரியல.”

அவள் துணியை எடுத்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, குத்திக் காட்டுகிற சிரிப்பும் இல்லை. இந்தப் பை உங்களுடையதா என்று பஸ்ஸில் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

“காலு உங்களோடதுதானே?”

மாசிலாமணி தன் கால்களைப் பார்த்தார். முப்பத்தியொரு வருஷம் பிரேக்கிலும் கிளட்ச்சிலும் வைத்த கால்கள். ஒன்றில் துடுப்பு, ஒன்று வெறுங்கால். வெறுங்கால் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. பிடித்து நிறுத்தப் பார்த்தார், நிற்கவில்லை.

ஜெசிந்தா நீலப் பட்டைக் கண்ணாடியை அவர் மடியில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

*

கரை நெருங்கியபோது, பையிலிருந்து செல்போனை எடுத்துத் தரும்படி பெரியப்பாவிடம் கேட்டார். விரல் ஈரத்துக்கு அது வேலை செய்யவில்லை. துண்டில் துடைத்து மறுபடியும் அழுத்தினார். பெரியவன் என்றுதான் அந்த நம்பர் இன்னும் இருந்தது. இரண்டு வருஷமாக அழைக்கவில்லை, அழிக்கவும் இல்லை.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவன் எடுக்கமாட்டான் என்று நினைத்தார். எடுக்க வேண்டுமே என்று வாழ்க்கையில் முதல் தடவையாகப் பயந்தார்.

“அப்பா?”

மெலிந்துபோன குரல். சாப்பிடாத குரல்.

“பூபாலா.”

அந்தப் பக்கம் மோட்டார் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“நான் இன்னைக்கு ஒரு பொண்ண தண்ணிக்குள்ள எத்தித் தள்ளிட்டு மேல வந்துட்டேன்டா.”

மோட்டார் சத்தம் நின்றது. அவன் நிறுத்தியிருக்க வேண்டும்.

பிறகு கேட்டான்.

“அந்தப் பொண்ணு எங்கப்பா?”

மாசிலாமணி நிமிர்ந்து பார்த்தார். படகின் முனையில் ஜெசிந்தா வீங்கிய உதட்டோடு உட்கார்ந்து ரப்பர் குழாய்களை நல்ல தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தாள்.

“மேல வந்துருச்சுடா.”

அதற்குமேல் இரண்டு பேராலும் பேச முடியவில்லை. போனை மட்டும் இரண்டு பேரும் வைக்கவில்லை.